பேருந்தில் படிக்க நாவல் கேட்டவருக்கு

எண்ணூறு பக்க நாவலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பாதியில் வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. பேருந்தில் இருபது நிமிடம் படிப்பவருக்கு அது தோதுப்படாது, அவ்வளவுதான்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை எடுங்கள், சின்னப் புத்தகம். காதல் கல்யாணம் செய்த சரோஜாவைக் குமரேசன் தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். அவள் என்ன சாதி என்று ஊரே துருவ ஆரம்பிக்கிறது. இறங்கும் நிறுத்தத்தைத் தவற விட்டால் நான் பொறுப்பில்லை.

அப்புறம் இமையத்தின் ‘செல்லாத பணம்’, 2020 சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் மகள், வெளியே காத்திருக்கும் குடும்பம். உரையாடல் நிறைய, அதனால் வேகமாகப் போகும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.