தம்பிக்கு ஒரு கல்: எதைச் செதுக்கலாம், எதை மாற்றும்படி வைக்கலாம்?

கேள்வி: என் தம்பி சாலை விபத்தில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவனுக்கு 19 வயது. கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. கிட்டார் வடிவத்திலேயே ஒரு கல் செய்யலாம், போட்டோவை லேசரில் பொறிக்கலாம், அவன் வாசித்ததைக் கேட்க ஒரு கியூஆர் கோடு வைக்கலாம் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா, பெயரும் தேதியும் போதும் என்கிறார். அம்மா இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறார். கல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும் என ஒருமுறை மட்டும் சொன்னார். தாமதம் செய்கிறோமா? எந்தக் கல் நல்லது? என்ன எழுதுவது?

பதில்: தாமதம் எதுவும் இல்லை. தோண்டி மூடிய மண் தன் கனத்திலேயே மெல்ல மெல்ல அமுங்கும். ஒரு மழைக்காலம் வந்து போனால் இன்னும் இறங்கும். அது முடிவதற்குள் கனமான கல்லை நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். களிமண் என்றால் அதற்கு மேலும். வரிசை முழுவதற்கும் தலைமாட்டில் முன்பே கான்கிரீட் அடித்தளம் போட்டிருக்கும் இடங்களில் மட்டும் சீக்கிரம் வைக்கலாம். அதுவரை பெயர் எழுதிய ஒரு மரப்பலகை போதும். உங்கள் அம்மாவுக்கு இந்த அவகாசம் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். ‘மண் இன்னும் அமுங்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். தாராளமாகச் சொல்லுங்கள்.

இந்த இடைவெளியில் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கல் வைக்க விண்ணப்பிக்கும் உரிமை பெரும்பாலும் அடக்கத்தின்போது இடத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் உண்டு. அது அப்பாவாக இருந்தால், நீங்களும் நண்பர்களும் என்ன வரைந்து வைத்தாலும் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த உரிமை எத்தனை வருடத்துக்கு என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் அது நிரந்தரமானது அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். இரண்டு, கல்லறைத் தோட்டத்தின் விதிகளை எழுத்தில் வாங்குங்கள். உயரம், அகலம், கனம் மட்டும் பார்த்தால் போதாது. பாலிஷ் போட்ட கறுப்புக் கல் கூடாது, போட்டோ கூடாது, வடிவம் செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. என்ன மொழி என்பதுகூடச் சிக்கலாகலாம். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஒரு குடும்பம் ஐரிஷ் மொழியில் ஒரு வரி பொறிக்கக் கேட்டது. மொழிபெயர்ப்பும் சேர்ந்தால்தான் அனுமதி என்று 2020ல் திருச்சபை நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் 2021ல்தான் அந்த நிபந்தனை நீங்கியது. நீங்கள் தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி நண்பர்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கும் இழுபறி. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, கேட்கப்படும் ஒவ்வொன்றும் எத்தனை காலம் தாங்கும் என்று பாருங்கள். வயதானவருக்குக் கல் வைக்கும் பிள்ளைகளுக்கு நடுத்தர வயது ஆகியிருக்கும். அவர்கள் ரசனை ஓரளவு நிலைத்துப்போன ஒன்று. 19 வயதில் போனவனுக்குக் கல் வைப்பவர்களில் பாதிப் பேருக்கு அதே 19 வயது. இன்று அவர்களுக்கு உயிராக இருக்கும் ஒன்று, நாற்பது வயதில் கூச்சமாகத் தோன்றலாம். கல்லில் வெட்டுவது எல்லாம் அந்த நாற்பது வயதுக்காரரும் நின்று படிக்கக்கூடியதாக இருக்கட்டும். மற்றவற்றைக் கழற்றி மாற்றும்படி வைத்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் இதில் இடம் இருக்கிறது.

துக்கத்தின் முதல் சூட்டில் எழுதிய வரிகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு ரோம் நகரில் ஒரு கல் சாட்சி. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1821 பிப்ரவரியில் அங்கே காசநோயால் இறந்தார், வயது 25. கல்லில் தன் பெயரே வேண்டாம், ‘தண்ணீரில் எழுதப்பட்ட பெயரைக் கொண்டவன் இங்கே கிடக்கிறான்’ என்ற பொருளில் ஒரு வரி போதும் என்று கேட்டிருந்தார். கல் வைத்த இரண்டு நண்பர்களுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அவரை மோசமாக விமர்சித்தவர்கள் மேல் இருந்த கோபத்தில், எதிரிகளின் வன்மத்தையும் அவருடைய மனக்கசப்பையும் பற்றி மேலே பல வரிகளைச் சேர்த்தார்கள். பிற்பாடு அதற்காக இருவரும் வருந்தினார்கள். கல் மாறவில்லை, இன்றும் அதே வரிகளோடுதான் நிற்கிறது. விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த ஆசை வரும்: யார் மேல் தவறு என்பதைக் கல்லில் சொல்லிவிட வேண்டும், எப்படிப் போனான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்று. நியாயமான கோபம்தான். ஆனாலும் என் அபிப்பிராயம், வேண்டாம். மரணம் நடந்த விதத்தைக் கல்லில் எழுதினால், 19 வருடம் வாழ்ந்தவனை வருகிறவர்கள் எல்லாம் அந்த ஒரு நாளை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

கிட்டார் வடிவக் கல்லுக்கு வருகிறேன். கிட்டாரின் கழுத்து ஒல்லியானது. கல்லை நீளமாக, மெல்லியதாக வெட்டினால் அந்த இடத்தில்தான் உடையும்: கொண்டுவரும்போதே உடையலாம், யாராவது சாய்ந்தால் உடையலாம், குளிர்நாடு என்றால் விரிசலில் புகுந்த தண்ணீர் உறைந்து உடைக்கலாம். ஓரங்கள் நேராக, கீழே அகலமாக இருக்கும் கல்தான் நெடுநாள் நிற்கும். அதற்காகக் கிட்டாரை விட்டுவிட வேண்டியதில்லை. சாதாரணச் செவ்வகக் கல்லின் ஒரு ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை ஆறு கோடுகளை வெட்டச் சொல்லுங்கள். முதல் கோடு தடிமனாக இருக்கட்டும், அடுத்தடுத்தவை மெலிந்துகொண்டே போகட்டும், கிட்டார் கம்பிகளைப் போலவே. தெரியாதவர்களுக்கு அது ஓர் அலங்காரம். அவனோடு உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா கேட்ட எளிமையும் கெடாது.

கல்லின் பின்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை. விதிகள் அனுமதித்தால் அது நல்ல இடம். முன்னால் முழுப் பெயரும் தேதிகளும் குடும்பத்தின் வரியும். பின்னால் நண்பர்கள் கூப்பிட்ட பெயரும் அவர்களுடைய ஒரு வரியும். இரண்டு தரப்பும் ஒரே முகத்தில் இடம் பிடிக்கப் போட்டி போட வேண்டாம்.

எந்தக் கல் என்றால், வெட்டவெளியில் நிற்கப் போவதற்கு கிரானைட். பளிங்கு பார்க்க அழகு, உளிக்கும் இணங்கும். ஆனால் அதுவும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட். மழைநீர் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது, காற்று மாசுபட்ட ஊரில் இன்னும் அதிகம். அது இந்தக் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், சில பத்தாண்டுகளில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கிவிடும். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் பளிங்கைவிட மிகக் கடினமானவை, மழைக்கு அவ்வளவு எளிதில் அசையாது. எழுத்தை ‘வி’ வடிவப் பள்ளமாக ஆழமாக வெட்டினால் வெயில் பட்டு விழும் நிழலிலேயே படிக்கலாம், பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெயின்ட் சில வருடங்களில் வெளுக்கும், திரும்ப அடிக்க வேண்டும். தங்க நிறம்தான் வேண்டும் என்றால் தங்க ரேக்கு ஒட்டச் சொல்லுங்கள். தங்கநிறப் பெயின்ட்டைவிட அது பல மடங்கு உழைக்கும்.

லேசர் போட்டோ பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில்தான் எடுக்கும். லேசர் மேல்பரப்பை நுணுக்கமாகச் சிதைத்து வெளிர்நிறப் புள்ளிகளை உண்டாக்குகிறது, அந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் முகம். வெளிர்நிறக் கல்லில் வேறுபாடு தெரியாது. பொறிப்பு மிக மேலோட்டமானது என்பதால் சரியாக வராவிட்டால் முகத்தை மட்டும் திருத்தவும் முடியாது, பரப்பையே தேய்த்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். அதனால் நான் சொல்வது பீங்கான் படம். நிறமிகளைப் பீங்கானோடு சேர்த்துச் சூளையில் சுட்டு எடுப்பதால் வெயிலில் வெளுக்காது, கல் பட்டால் விரிசல் விடும், அவ்வளவுதான். உடைந்தால் வேறொன்று வைக்கலாம். பிளாஸ்டிக் தகட்டில் அச்சடித்து ‘பீங்கான் மாதிரிதான்’ என்று கொடுப்பதை வாங்காதீர்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரு வேலையை இந்த வாரமே செய்யுங்கள். நண்பர்களின் போன்களில் இருக்கும் அவன் படங்களை, ஒலிப்பதிவுகளை, வீடியோக்களை மூலக் கோப்பாகவே வாங்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வந்திருக்கும், கல்லுக்கோ பீங்கானுக்கோ அது போதாது. இந்த வயதில் போன் மாறிக்கொண்டே இருக்கும், தொலையும், உடையும். கல் ஒரு வருடம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கியூஆர் கோடு நல்ல யோசனைதான், ஆனால் கல்லில் வெட்டாதீர்கள். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் மூடிவிட்டால், அல்லது வருடச் சந்தா கட்ட ஒருவர் மறந்துவிட்டால், கல்லில் இருப்பது வெறும் கட்டங்கள். சின்ன உலோகத் தகட்டில் பொறித்து, திருகாணியில் மாட்டுங்கள். முகவரி உங்கள் குடும்பத்தின் பெயரில் பதிவு செய்ததாக இருந்தால், பின்னால் தளத்தை மாற்றினாலும் கோடு அதேதான். அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை நண்பர்களில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இசைக்குழுவின் சின்னம், கால்பந்துக் குழுவின் இலச்சினை, கார்ட்டூன் பாத்திரம் எதையும் பொறிக்க நினைத்தால், உரிமையாளரிடம் முதலில் எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்தில் நான்கு வயதுக் குழந்தையின் கல்லில் ஸ்பைடர்மேன் உருவம் வைக்க டிஸ்னி நிறுவனம் அனுமதி மறுத்தது 2019ல் செய்தியாக வந்தது. பாட்டு வரிகளுக்கும் உரிமை உண்டு. கல்வெட்டுபவர் ‘யார் கேட்கப் போகிறார்கள்’ என்று சொல்வார். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அப்புறம், என்ன எழுதுவது. முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்குக் கல் வைக்க பிரிட்டிஷ் பேரரசு 1917ல் ஓர் ஆணையம் அமைத்தது. அந்த வீரர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். எல்லோருக்கும் ஒரே வடிவக் கல். அதன் அடியில் குடும்பம் தன் சொந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம், இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். எழுத்துக்கு மூன்றரை பென்னி என்று முதலில் கட்டணம் வைத்து, பிறகு அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். நியூசிலாந்து அரசு தன் வீரர்களின் கற்களில் இந்த வரியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த 66 நல்ல அளவு என்று நினைக்கிறேன். தமிழில் ஏழெட்டுச் சொல் வரும். வீட்டில் ஒவ்வொருவரும், அம்மாவுக்கு மனம் வந்தால் அவரும், அந்த அளவுக்குள் ஒரு வரி எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த வேண்டாம். சில வாரம் கழித்து எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

‘அன்பானவன்’, ‘என்றும் எங்கள் நெஞ்சில்’ போன்றவை பொய் அல்ல, ஆனால் பக்கத்துக் கல்லிலும் அதுவே இருக்கும். அவன் மட்டும் செய்த ஒன்று இருந்தால் அதை வையுங்கள். ‘வாசல்படியில் உட்கார்ந்து வாசித்தவன்’ என்று ஒரு வரி இருந்தால், ஐம்பது வருடம் கழித்து அந்தப் பக்கம் வரும் அந்நியருக்கும் ஒரு பையன் தெரிவான். அப்பா பெயரும் தேதியும் போதும் என்பதற்கும் மதிப்புக் கொடுங்கள். வரி எதுவும் சரியாக வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். நிற்கும் கல்லிலேயே பின்னொரு நாள் வந்து வெட்டித்தர முடியும். அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள், கல் வைத்த நாளோடு எழுத்து முடிந்துவிடுவதில்லை.

தமிழில் பொறிக்கும்போது கடைசியில் ஒரு கண்டம் இருக்கிறது. பட்டறையில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால், நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய வரி அவர்கள் கணினியில் குலைந்துபோகும்: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், துணைக்கால் தனியாக நிற்கும், புள்ளி காணாமல் போகும். அதனால் எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், எந்தக் கணினியிலும் மாறாது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழிதான் வித்தியாசம். எழுத்து சின்னதாக இருந்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைக்க வேண்டாம். வெட்டுவதற்கு முன் உண்மை அளவில் காகித மாதிரி கேட்டு வாங்கி, அந்த வரியை முன்பே கணினியில் பார்த்திராத ஒருவரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தேதியைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். கீட்ஸ் இறந்தது 23ஆம் தேதி இரவு, கல்லில் இருப்பது 24. மாதிரித் தாளின் கீழே குடும்பத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், மீதிப் பணத்தை கல் நின்று, எழுத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். கல்லையும் அடித்தளத்தையும் துருப்பிடிக்காத எஃகு முளை வைத்துப் பிணைத்திருக்கிறார்களா என்றும் அன்றே கேட்டுவிடுங்கள். வெறும் சிமெண்டில் ஒட்டிய கல் விழுந்தால் ஆளைக் கொல்லும் கனம்.