ஒரே சீசனுக்கு வரும் குவார்ட்டர்பேக்
உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, இன்னும் ஒரே சீசன் ஆடத் தகுதி மீதமுள்ள ஒருவரை வேறு கல்லூரியிலிருந்து குவார்ட்டர்பேக்காக (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) கொண்டுவந்துவிட்டது, இரண்டு வருடம் காத்திருந்த பையன் மறுபடி பெஞ்சில் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் பயிற்சியாளர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

2011-இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்கு வந்ததும் ஒரே சீசனுக்குத்தான். அதற்குமுன் நார்த் கரோலைனா ஸ்டேட்டில் மூன்று சீசன் ஆடியிருந்தார். கோடையில் வந்தவரை, சீசன் தொடங்குமுன்பே சக வீரர்கள் கேப்டன்களில் ஒருவராக்கினார்கள். 33 டச்டவுன் பாஸ் (புள்ளி தந்த எறிதல்), 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) மட்டுமே, பிக் டென் என்ற கல்லூரி லீகின் பட்டமும் கிடைத்தது. அந்த 4 தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அனுபவசாலி, எதிரணி எங்கிருந்து பாயும் என்பதைப் பந்து கைக்கு வருமுன்பே கணித்துவிடுவார். வழியில்லையென்றால் பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போவார். அனுபவமில்லாதவர் அங்கேதான் அவசரப்பட்டுப் பறிகொடுப்பார்.

அப்புறம், பயிற்சியாளரின் ஆட்டமுறை அவருக்குப் பழக்கமா என்று பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக அணி 2021-இல் வென்றது 4 ஆட்டம், தோற்றது 8. அடுத்த வருடம் வந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ், அங்கே புதிய பயிற்சியாளரான கேலன் டிபோரிடம் முன்பு இண்டியானா பல்கலைக்கழக அணியிலேயே ஆடியவர். அந்த சீசனில் 11 வெற்றி, 2 தோல்விதான். உங்கள் ஆள் முன்பு யாரிடம் ஆடினார்? சொல்லுங்கள், மேலே பேசலாம்.