நான்கு டப்பா மாத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொப்புளம்

கேள்வி: எனக்கு ஹெர்பிஸ் (உடலுறவில் தொற்றும் வைரஸ் நோய்) இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பிறப்புறுப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொப்புளம் வந்துவிடுகிறது. திரும்பவும் டாக்டரிடம் போய்ச் சொல்லக் கூச்சம். அதனால் லைசின், துத்தநாகம் (ஜிங்க்), வைட்டமின் சி, மல்டிவைட்டமின் என்று நான்கு டப்பா வாங்கிச் சாப்பிடுகிறேன். சில தடவை சீக்கிரம் ஆறுகிறது, சில தடவை இல்லை. அளவைக் கூட்டிப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கூட்ட வேண்டாம், சகோதரி. முதலில் அந்தத் துத்தநாக டப்பாவையும் மல்டிவைட்டமின் டப்பாவையும் பக்கத்தில் வைத்து, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். துத்தநாகம் ஒன்றில் 50 மில்லிகிராம், இன்னொன்றில் 10 அல்லது 15 என்று இருந்தால் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. மாதக்கணக்கில் அதற்கு மேல் போனால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து, இரத்தசோகையும் கை கால் மரத்துப்போவதும் வரலாம். வைட்டமின் சியும் 2000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்குதான், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

லைசின் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வைரஸ் பெருகுவதற்கு அர்ஜினின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) தேவை, அதே வகையைச் சேர்ந்த லைசின் அதற்குப் போட்டியாக நிற்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் பார்த்த விஷயம். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் இல்லை, 3 கிராமுக்கு மேல் சாப்பிட்ட சிலருக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சோதனைகளும் பெரும்பாலும் உதட்டில் வரும் கொப்புளத்துக்குச் செய்தவை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இதைத் தாங்களாக எடுக்கவே கூடாது.

அப்புறம் ஏன் சில தடவை சீக்கிரம் ஆறியது? திரும்பத் திரும்ப வரும் கொப்புளம் எதுவுமே சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்கே நல்ல பெயர் போய்விடுகிறது. வைட்டமின் டி, பி12 எல்லாம் இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் கட்டாயம் எடுங்கள், அது உடம்பின் பொது நலத்துக்கு. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் நரம்பு முடிச்சுக்குள் உறங்கும் வைரஸை எந்த வைட்டமினும் அங்கிருந்து கிளப்பாது.

நிஜமாகவே வேலை செய்வது அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாதிரியான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள்தான், நாற்பது வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கும் குடும்பம். ஆனால் நேரம் முக்கியம். கொப்புளம் எழும்புவதற்கு முன்னால், சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பு, அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு வருமே, சிலருக்குத் தொடை வரைக்கும் சுருக் சுருக்கென்று இழுக்குமே, அப்போதே ஆரம்பிக்க வேண்டிய மாத்திரை அது. கொப்புளம் உடைந்து புண்ணான பிறகு தொடங்கினால் பலன் குறைந்துவிடும். அதனால் டாக்டரிடம் மருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கி, மாத்திரையைக் கையில் வைத்திருங்கள்.

உங்களுக்கு வருடத்துக்கு ஆறு தடவை வருகிறது. இப்படி அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் ஒரு மாத்திரை என்று மாதக்கணக்கில் கொடுப்பது உண்டு, அதில் கொப்புளம் வருவது 70 முதல் 80 சதவீதம் வரை குறைகிறது. தினசரி வாலாசைக்ளோவிர் துணைக்குத் தொற்றுவதையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும், அதோடு ஆணுறையும் வேண்டும், குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து புண் முழுவதும் ஆறும்வரை உறவே வேண்டாம். இந்த ஒரு வேலையை உங்கள் நான்கு டப்பாவும் சேர்ந்தாலும் செய்யாது. கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து.

கூச்சம் எனக்குப் புரிகிறது. 15 முதல் 49 வயதுக்குள் உலகில் 50 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்தப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்களைப் பார்க்கப்போகும் டாக்டர் இதைப் பலமுறை பார்த்தவர். சொல்ல வாய் வரவில்லையென்றால் எந்தத் தேதிகளில் வந்தது, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், போதும்.