காலையில் வீக்கம், மாலையில் வடிகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. கன்னப் புற்றுக்காக ஐந்து வாரங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கழுத்தின் இருபுறமும் நெறிகட்டிகளை எடுத்தார்கள். வலப்பக்கம் பெரிய நரம்பையும் வெட்டிவிட்டார்கள், இடப்பக்கம் விட்டுவைத்தார்களாம். காலையில் முகம் வீங்குகிறது. மூளையில் ரத்தம் தேங்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, மருந்துக்கடையில் நீர் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். காதோரம் மரத்திருக்கிறது, தோளும் வலிக்கிறது. – வாசகி, செங்கோட்டை

பதில்: யாரும் எழுதித் தராத அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வீக்கம் அதற்கு வடியாது. ஒழுங்காகச் சாப்பிட முடியாதவருக்கு உப்புச்சத்து குறைந்து தலைசுற்றினால், அதற்கும் இணையத்தில் ஒரு பயங்கரம் கிடைக்கும்.

வெட்டியது நரம்பல்ல, தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு இறக்கும் சிரை. 1906-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் இந்த அறுவையை விவரித்தபோது, நெறிகட்டிகளோடு அதையும் எடுத்துவிடுவதுதான் முறை. புற்று ஒட்டாத சிரையை விட்டுவைக்கும் வழக்கம் பின்னால் வந்தது. சொல்வது எளிது, ஈரத்தாள் போன்ற சுவர், இழுத்தால் கிழியும். கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, நெறிகட்டிகளை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இடப்பக்கத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்த ஒன்றே போதும். முதுகெலும்பை ஒட்டிய சிரைகளும் கைகொடுக்கும். படுத்தால் வீங்கி, எழுந்து நடமாடினால் வடிவது இயல்பு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வையுங்கள். முழுதாக வடியச் சில மாதங்கள் ஆகும். கதிர்வீச்சு தொடங்கினால் கொஞ்சம் கூடவும் செய்யும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. மாலையிலும் வடியாமல் வீக்கம் நாளுக்கு நாள் ஏறி, படுத்தவுடன் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், அசாதாரணத் தூக்கம் என்று வந்தால், மிஞ்சிய சிரையும் அடைபட்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். ஆரியங்காவு மலைப்பாதையில் இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்தே அறுவை நிபுணரிடம் பேசுங்கள். மூச்சில் இரைச்சல் கேட்டாலும் இதேதான். கழுத்துச் சிரையை ஸ்கேனில் பார்த்துவிடலாம். விழியின் பின்புறத்தைக் கண் மருத்துவர் பார்த்தால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காது மரத்தது பொருட்டல்ல. சவரம் செய்யும்போது மட்டும் கவனம். தோளுக்கு இயன்முறைப் பயிற்சி போதும்.

இன்னொன்று: சாரல் குளிருக்கு அப்பா கழுத்தில் மஃப்ளரை இறுக்கிச் சுற்றுகிறவராக இருந்தால், அதை அவிழ்த்துத் தலைக்குக் குல்லாய் வாங்கிக் கொடுங்கள்.