வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல்நல விழிப்புணர்வை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. இங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

"உப்பைக் குறை, நட" என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. தன் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் பிபி எண் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து விளக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் லோடுமேன் அண்ணன் ஒருவர், 44 வயது. முகாமில் பார்த்தபோது பிபி 170/110. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் 128/82. "நார்மல் ஆயிருச்சு தம்பி, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தான் அது 128-க்கு வந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு, வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணி வலது கை தொங்கிவிட்டது. வாயுப்பிடிப்பு என்று நினைத்து சோடா கொடுத்து ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. மூளையில் ரத்த அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நிலையில் முழுங்க ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். அந்தக் கை இன்றுவரை சரியாக எழும்பவில்லை.

அதற்கப்புறம்தான் கடையில் ஒரு பிபி மெஷின் வாங்கி வைத்தோம்.

சனிக்கிழமை கூலி வாங்க எல்லோரும் என் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். அதுதான் சரியான நேரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை தருகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் பகலில் வீட்டுக் கதவைத் தட்டினால், ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவன் செத்த பிணம் மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பான். வேலை செய்கிற இடத்தில் பிடித்தால்தான் உண்டு.

மூட்டை இறக்கிய கையோடு பார்த்தால் எண் கூடத்தான் காட்டும். டீ, பீடி முடித்து அரை மணி நேரமாவது போக வேண்டும். அஞ்சு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அப்புறம் பார்த்து, அவரவர் நோட்டில் அவரவரையே எழுத வைக்கிறேன். மேல் எண், இதயம் அமுக்கித் தள்ளும்போது இருக்கிற அழுத்தம். கீழ் எண், அது இளைப்பாறும்போது இருப்பது. 140/90-ஐத் தொட்டால் இன்னொரு நாள் பார்ப்போம், அப்போதும் அப்படியே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மாத்திரை இலவசம். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னால் மட்டும்தான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் அலுக்காமல் வாராவாரம் சொல்வேன்.

"மூட்டை தூக்குறதே எக்சர்சைஸ்தானண்ணே" என்பார்கள். அந்த அண்ணனும் 80 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தவர்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் பெரிதாகப் பேசுவதில்லை, ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். ராத்திரிக்கு அஞ்சு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாற்பது கிராமுக்கு மேல். அதை ஒரு பேப்பரில் கொட்டி வைத்ததும் இரண்டு பேர் அன்றைக்கே அரைச் சர்க்கரை டீக்கு மாறினார்கள்.

எனக்கு இன்னும் வசப்படாதது பெண்கள்தான். பக்கத்துப் பூ மார்க்கெட்டில் பூக் கட்டும் அக்காமார், "எங்க வீட்டுக்காரருக்குப் பாருங்க" என்று அவர்களைக் கூட்டி வருகிறார்கள். தங்கள் கையை நீட்ட மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் ஒருவர் நீட்டினார். 156/98. மறுநாளும் வரச் சொன்னேன், வந்தார். சுகாதார நிலையத்துக்கு என் மனைவியும் கூடப் போனாள்.