நிறையத் தண்ணீர் குடித்தால் மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடுமா?

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மருந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி அனுப்பலாம் என்ற நம்பிக்கையை அடிக்கடி கேட்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மாமி வந்தார். கம்பஸ் போகும் மகனுக்குக் காய்ச்சல். டெங்குவோ என்ற பயத்தில் ஒரே நாளில் எட்டுப் பனடோல் கொடுத்திருக்கிறார். கூடவே தடிமனுக்கென்று வேறொரு குளிசை, நாலு. அட்டையைத் திருப்பிக் காட்டினேன்: பனடோல் மாதிரியே அதிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம்தான் எல்லை. மகனுக்குள் போனது 6.

"செவ்விளநியும் தண்ணியுமாக் குடுத்தனான் தம்பி, எல்லாம் மூத்திரத்தோட போயிருக்கும்தானே?"

போகாது. சிறுநீரில் போவதற்கு மருந்து தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டும். பல மருந்துகள் கொழுப்பில் கரைபவை. சிறுநீரகம் வடித்து விட்டாலும் திரும்ப இரத்தத்துக்கே ஊறி வந்துவிடும். அவற்றைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிக் கொடுப்பது ஈரல். பரசிட்டமோலில் பெரும்பகுதிக்கு குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ வால் மாதிரி ஒட்டி அனுப்பிவிடும். மிச்சம் கொஞ்சம் நஞ்சாக மாறும். ஈரலில் உள்ள குளுட்டதயோன் அதை அடக்கும். குளிசை கூடிப்போனால் குளுட்டதயோன் தீர்ந்து, நஞ்சு ஈரல் கலங்களிலேயே கைவைக்கும். இதில் இளநீருக்கு வேலையே இல்லை. முதல் நாள் ஆள் சும்மா நல்லாத்தான் இருப்பார், அதுதான் பொல்லாதது. அந்த நஞ்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து உண்டு. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தம் பார்த்து, இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்களாம்.

கழியும் வேகமும் மருந்துக்கு மருந்து வேறு. பரசிட்டமோல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அதனால் நாளில் பல தரம் குடிக்க வேண்டியிருக்கிறது. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் பாதியாக 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும்; நாளுக்கு ஒன்று போதும். அதை ஈரல் ஆறுதலாகத்தான் உடைக்கும், நீங்கள் எத்தனை போத்தல் தண்ணீர் குடித்தாலும் சரி.

ஈரல் தொடாத மருந்தும் இருக்கிறது. சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மெட்போமின் போன உருவத்திலேயே சிறுநீரில் வெளியேறும். ஆனால் அங்கேயும் கணக்கு தண்ணீரில் இல்லை, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான். கிளினிக்கில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு மெட்போமினைக் குறைப்பது அதற்காகத்தான்.