சாளை விலை ஏறியும் ஏன் அதிகம் விற்றது?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். ஆய்வுக்காகக் கடற்கரையில் உள்ள குளச்சலிலும் உள்பகுதியில் உள்ள தக்கலையிலும் சந்தைக்குப் போய், சாளை (மத்தி) மீனின் அன்றாட விலையையும் விற்ற அளவையும் குறித்து வருகிறேன். விலை ஏறும்போது கடற்கரைக்காரர்களும் உள்பகுதிக்காரர்களும் வாங்குவதை ஒரே மாதிரி குறைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆனால் விலை கூடிய பல நாட்களில் விற்பனையும் கூடியிருக்கிறது. இரண்டையும் இணைத்துக் கோடு பொருத்திப் பார்த்தால் (ரெக்ரஷன்) நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறும் என்கிற எண், பூஜ்யத்தை ஒட்டி வருகிறது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிற தேவை விதி எங்கே போயிற்று?
— மாணவி, நாகர்கோவில்

பதில்: விதி எங்கேயும் போகவில்லை. நீங்கள் வரைந்தது தேவைக் கோடே இல்லை, அவ்வளவுதான். திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் வீட்டுக்கு வீடு விருந்தாளி. விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். சாளை அள்ளிக்கொண்டு வந்த நாளில் விலை சரியும், விற்பனை ஏறும். இரண்டு வகை நாளையும் ஒரே தாளில் போட்டுக் கோடு இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் வராமல் என்ன செய்யும்?

வாங்குகிறவர் மனசைத் தொடாமல் விலையை மட்டும் ஆட்டுகிற ஒன்று வேண்டும். பாடத்தில் 'கருவி மாறி' என்று படித்திருப்பீர்கள். காத்ரின் கிராடி என்ற பொருளாதார அறிஞர் நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியின் 1991-92 விற்பனைக் கணக்கை எடுத்தார். சாதாரண ரெக்ரஷனில் நெகிழ்ச்சி மைனஸ் 0.5 அளவில் வந்தது. முந்தைய நாட்களின் கடல் காற்றையும் அலை உயரத்தையும் கருவியாக வைத்ததும் அது மைனஸ் 1-ஐ ஒட்டிப் போனது. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான இன்னொன்றும் அதே சந்தையில் கிடைத்தது: அதே மீனுக்கு ஆசிய வியாபாரிகள் வெள்ளைக்கார வியாபாரிகளைவிடக் குறைந்த விலை கொடுத்திருந்தார்கள். விலை ஏறினால் சட்டென்று விலகிவிடக்கூடியவர்களிடம் விற்பவர் இறங்கித்தானே வருவார்!

நம் மாவட்டத்துக்கு எது கருவி? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று கடலுக்குப் போகாத கரைகள் உண்டு, வரத்து குறையும், உண்மைதான். ஆனால் ஞாயிறு சமையலும் வேறு. வாங்குபவர் மனசும் அன்று மாறுகிறது. மழை நாளும் அப்படித்தான்: படகும் போகாது, சந்தைக்கு ஆளும் வராது. மீன்பிடித் தடைக்காலம் கொஞ்சம் ஆசை காட்டும். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடை! இருந்தாலும் வள்ளங்கள் (நாட்டுப் படகுகள்) போய்க்கொண்டுதான் இருக்கும். மேற்கில் அது மழைக்காலம் வேறு.

என் கணக்கில் சரியான கருவி கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றால் எழும் அலை, இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் கரையேறும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வள்ளம் இறங்க முடியாது. தக்கலையில் குழம்புக்குப் புளி கரைக்கிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. விலை மட்டும்தான் அவரிடம் போய்ச் சேரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை விடுகிற தேதிகளை உங்கள் தாளில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். குளச்சலில் மட்டும் கவனம் தேவை. கடலுக்குப் போகாத நாளில் அந்த வீடுகளில் வருமானமும் இல்லை. அங்கே வாங்குபவர் கையும் கட்டிப்போகும்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய தாளில் 'கூறு 100 ரூபாய்' என்று வரிசையாக அதே எண். கூறு என்பது எடை போடாமல் விற்கும் சின்னக் குவியல். மீன்காரம்மா கூறு போடுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வரத்து குறைந்த நாளில் விலையை ஏற்ற மாட்டார், கூறிலிருந்து நாலு மீனை எடுத்து மறுபடி சருவத்தில் போடுவார். ஏறிய விலை அந்த நாலு மீனில் இருக்கிறது. கூறை எடை போட்டுக் கிலோ விலையாக மாற்றாமல் எந்த முறையும் உங்களுக்கு உதவாது. 'மீன்' என்று பொதுவாக எழுதாமல் சாளை என்று ஒன்றையே பிடித்தது நல்ல வேலை. நெய்மீன் வாங்கும் வீடு கிலோவுக்கு அதிகம் கொடுப்பது விலை வித்தியாசம் இல்லை, தர வித்தியாசம். இதைப் பிரித்துக் காட்டத்தான் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 1988-இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

கடைசியாக, குளச்சலுக்கு ஒரு எண், தக்கலைக்கு ஒரு எண் எடுத்துவிட்டு 'இரண்டும் வேறு' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு ஊரையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, விலையை ஊரோடு பெருக்கி ஒரு மாறி சேருங்கள். அந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொல்ல, அதற்கே திட்டப்பிழை (எண் எவ்வளவு தள்ளாடலாம் என்கிற அளவு) வேண்டும்.

கேள்வி: மகளைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே குழம்புக்கு நல்லெண்ணெய். நாங்கள் தேங்காய் எண்ணெய் இல்லாமல் அடுப்பே பற்ற வைப்பதில்லை. இது விலையாலா, பழக்கத்தாலா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் மகளே அதற்குச் சோதனை! சம்பந்தி வீடும் அவரும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்குகிறார்கள். அதன் பிறகும் அவர் கை தேங்காய் எண்ணெய்க்குப் போனால் அது விலை இல்லை. டேவிட் அட்கின் என்ற பொருளாதார அறிஞர் இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் குடியேறிய குடும்பங்களை இப்படித்தான் பார்த்தார். பிறந்த ஊர்ச் சாப்பாட்டைப் புது ஊரில் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கினார்கள். அதே பணத்துக்குக் கிடைத்த கலோரி குறைந்தது. ஆனால் பழக்கமும் வானத்திலிருந்து விழவில்லை. வீட்டைச் சுற்றித் தென்னை நின்றால் நாக்கு வேறு எதைப் பழகும்?

கேள்வி: கணக்கெடுத்த வாரத்தில் மீனே வாங்காத வீடுகளை விட்டுவிடலாமா?
— ஆய்வு மாணவர், தோவாளை

பதில்: கூடாது. விலை ஏறியதால் வாங்காமல் போனவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இப்படி வரும் பூஜ்யங்களைக் கையாளப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1958-லேயே வழி சொல்லிவிட்டார். ஆனால் மீன் சாப்பிடாத வீடும் அந்த வாரம் காசில்லாத வீடும் அதில் ஒன்றாகிவிடும். 'மீன் எப்போதாவது வாங்குவதுண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்.